மகனின் கணுக்கால்: துளை போட்டுச் செய்வதா, திறந்து செய்வதா?

கேள்வி

டொக்டர், என் மகனுக்கு 13 வயது. சனிக்கிழமை பின்னேரம் கிரவுண்டில் உதைபந்து விளையாடும்போது, கால் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பி விழுந்துவிட்டான். சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் புக்கை கட்டினோம். வீக்கம் வற்றவில்லை, காலை நிலத்தில் வைக்கவும் ஏலவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எக்ஸ்ரேயும் சிடி ஸ்கானும் எடுத்தார்கள். கணுக்கால் எலும்பு மூன்று தளங்களில் உடைந்திருக்கிறது, மூட்டுக்குள் 4 மில்லிமீற்றர் விலகியிருக்கிறது என்றார்கள். மயக்கிவிட்டு முதலில் வெட்டாமல் இழுத்துச் சரிசெய்து பார்ப்பார்களாம். சரிவந்தால் சின்னத் துளை வழியாக ஸ்குரூ, சரிவராவிட்டால் திறந்து செய்வார்களாம். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "இப்ப எல்லாம் கீஹோல்தான், திறக்க விடாதே, தேவையென்றால் கொழும்புக்குக் கொண்டுபோ, காசு அனுப்புகிறேன்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, துளை போட்டுச் செய்தால் எலும்பு பொருந்தாது, திறந்து செய்வதுதான் நல்லது என்கிறா. நான் எதற்குச் சம்மதிப்பது? கால் கட்டையாகப் போகுமா? நல்லூர்த் தேருக்குக் காவடி எடுப்பதாக நேர்த்தி வைத்திருக்கிறோம். இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது. அதற்குள் நடப்பானா?

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கதைத்து, இரண்டுக்கும் கையெழுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அந்த அவசரத்தில் விளக்க முடியவில்லை. இதே கேள்வியோடு எத்தனையோ பெற்றோர் என் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்துக்கொண்டு ஆறுதலாக எழுதுகிறேன்.

புக்கை கட்டிய இரண்டு நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரி கூச்சத்தோடு எழுதப்பட்டிருந்தது போலப் பட்டது. கூச்சப்பட ஒன்றுமில்லை. கால் பிரண்டால் பரியாரியாரிடம் போவது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பெரியவர்களின் சுளுக்குக்கு அதனால் பெரிய கேடு வருவதும் குறைவு. வளரும் பிள்ளையின் கதை வேறு. பெரியவர்களுக்குக் கணுக்கால் பிரண்டால் அங்குள்ள நார்தான் முதலில் கிழியும். பிள்ளைகளுக்கு அந்த நார் எலும்பின் வளர்ச்சித்தட்டைவிட உறுதியானது. எனவே நார் தாங்கிக்கொள்ளும், எலும்பு விட்டுக்கொடுத்துவிடும். பிள்ளைக்குச் சுளுக்கு என்று நாங்கள் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் முறிவாக இருப்பது இதனால்தான். விழுந்த பிள்ளையால் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொழியை விரலால் அழுத்தும்போது துடித்தாலோ, முதல் வேலை எக்ஸ்ரே. மற்ற எதுவும் அதற்குப் பிறகு. இறுக்கிக் கட்டும் கட்டும், தோலைப் பொங்கவைக்கும் மருந்துப் பத்தும் சத்திரசிகிச்சையைப் பின்போடவைக்கும். வெட்ட வேண்டிய இடத்துத் தோல் புண்ணாகியிருந்தால் நாங்கள் கத்தியை வைக்க மாட்டோம். உங்கள் மகனின் தோல் நன்றாக இருப்பதாகச் சொன்னீர்கள். அது நல்ல செய்தி.

சரி, உடைந்தது என்ன என்று பார்ப்போம்.

கணைக்காலின் பெரிய எலும்பு கீழே கணுக்காலில் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எலும்பாக இன்னும் இறுகாத ஒரு மெல்லிய குருத்தெலும்புப் படை இருக்கிறது. அதுதான் வளர்ச்சித்தட்டு. எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைக் காட்டி "டொக்டர், இதிலயும் வெடிச்சிருக்கே" என்று கேட்காத பெற்றோர் குறைவு. அது வெடிப்பல்ல, பிள்ளை உயர்வதற்கான இடம். கணைக்காலின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தக் கீழ்த்தட்டில்தான் நடக்கிறது. மிச்சம் முழங்காலுக்குக் கீழே உள்ள மேல்தட்டின் வேலை.

இந்தத் தட்டின் ஊடாக வரும் முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்து எழுதியவர்கள் றொபேர்ட் சோல்ட்டரும் ஹரிசும். 1963ஆம் ஆண்டு அது. உங்கள் அண்ணா இருக்கும் ரொறன்ரோவிலேதான் அவர்கள் வேலை செய்தார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணத்து வார்டில் ஒரு பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்து நாங்கள் "சோல்ட்டர் ஹரிஸ் மூன்று", "நான்கு" என்று எழுதுவது அவர்கள் தந்த கணக்குத்தான். முறிவு எந்த வகை, பிள்ளைக்கு எத்தனை வயது என்ற இரண்டும் தெரிந்தால் எந்தச் சிகிச்சை என்பதில் பாதி முடிவாகிவிடும்.

உங்கள் மகனுக்கு வந்தது அந்த வயதுக்கே உரிய முறிவு. கணுக்காலின் வளர்ச்சித்தட்டு ஒரே நாளில் மூடிக்கொள்வதில்லை. நடுவில் தொடங்கி, பிறகு உட்பக்கம் மூடி, கடைசியில் வெளிப்பக்கம் மூடும். இந்த வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் எடுக்கும். பெண்பிள்ளைகளுக்கு இது முந்தியே வரும், ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தி. அந்த ஒன்றரை வருடத்துக்குள் உட்பக்கம் இறுகிப்போய், வெளிப்பக்கம் இன்னும் குருத்தாகவே இருக்கும். பாதம் ஊன்றியபடி நிற்க உடம்பு திரும்பினால், முன்பக்கம் வெளிப்புறமாகக் கணைக்காலின் இரு எலும்புகளையும் பிணைக்கும் நார் அந்தக் குருத்துப் பக்கத்தைச் சுண்டி இழுக்கும். ஒரு துண்டு மட்டும் பெயர்ந்து வந்தால் அதற்கு ரில்லோ முறிவு என்று பெயர். அந்த வெடிப்பு பின்னால் ஓடி மேலேயும் ஏறினால் மூன்று தளத்து முறிவு. முன்னிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் அது ஒரு வகையாகவும் பக்கவாட்டில் எடுத்ததில் இன்னொரு வகையாகவும் தெரியும். சிடி ஸ்கான் எடுத்தது இதற்காகத்தான். மூட்டுக்குள் எத்தனை மில்லிமீற்றர் விலகல் என்பதை எக்ஸ்ரேயை மட்டும் வைத்து நம்பிச் சொல்ல ஏலாது.

அந்த மில்லிமீற்றருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? கணுக்கால் மூட்டின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பானது. உடம்பின் முழுப் பாரமும் அந்தச் சிறிய பரப்பில்தான் இறங்குகிறது. அதில் ஒரு படி விழுந்து, அப்படியே ஒட்டிவிட்டால், ஒவ்வொரு அடியிலும் எதிரே உள்ள குருத்தெலும்பு அந்தப் படியில் உரசும். 13 வயதில் ஒன்றும் தெரியாது. முப்பது வயதில் மாடிப்படி இறங்கும்போது நோகும். 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும் என்பது எங்கள் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பிளாஸ்ரரே போதும். மகனுக்கு 4. ஆகவே சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி என்பதுதான் கேள்வி.

அண்ணா சொல்லும் "கீஹோல்" பற்றி ஒரு சின்னத் திருத்தம். கமெராவை மூட்டுக்குள் விட்டுப் பார்த்துச் செய்வதைத்தான் கீஹோல் என்பார்கள். கணுக்காலுக்கும் அது உண்டு, சில இடங்களில் முறிவுகளுக்கும் துணையாகப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் டொக்டர் சொன்னது அதுவல்ல. தோலை அரை அங்குலம்கூட வெட்டாமல், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கம்பியையும் ஸ்குரூவையும் உள்ளே செலுத்தும் முறை. இரண்டிலும் தழும்பு சிறிது. ஆனால் முதலாவதில் மூட்டின் பரப்பை டொக்டர் கண்ணால் பார்க்கிறார், இரண்டாவதில் அதன் நிழலைப் பார்க்கிறார்.

தியேட்டருக்குள் நடப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிள்ளை மயக்கத்தில் இருக்கிறான். தசை எல்லாம் தளர்ந்துவிட்டது. மேசைக்குக் குறுக்கே சி-ஆர்ம் என்ற வளைந்த எக்ஸ்ரே இயந்திரம் நிற்கிறது. நாங்கள் எல்லோரும் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறோம். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குதியைப் பிடித்து ஒரே சீராக இழுக்கிறார். பிறகு பாதத்தை மெதுவாக உட்பக்கம் திருப்புகிறார். எந்தத் திசையில் திரும்பி உடைந்ததோ அதற்கு எதிர்த் திசையில் திருப்புவதுதான் சூத்திரம். திரையில் விலகியிருந்த துண்டு நகர்ந்து வந்து உட்காருவதைப் பார்க்கலாம். நன்றாக வரும் முறிவு ஒரே இழுப்பில் வரும். கையில் அது தெரியும்: கதவு நிலையில் சரியாகப் பொருந்தினால் எப்படி ஒரு இறுக்கம் வருமோ, அப்படி. வந்துவிட்டால் தோலில் சிறு கீறல் போட்டு, மெல்லிய வழிகாட்டிக் கம்பியை வளர்ச்சித்தட்டுக்குக் கீழே, தட்டுக்குச் சமாந்தரமாக விடுவோம். கம்பி சரியான இடத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுத்துப் பார்த்த பிறகு, நடுவில் துளையுள்ள ஸ்குரூவை அதன் மேலால் ஏற்றி இறுக்குவோம். பெரும்பாலும் 4 மில்லிமீற்றர்த் தடிப்பு. தேவையென்றால் தட்டுக்கு மேலே முன்னிருந்து பின்னாக இன்னொன்று. வெளியே இரண்டோ மூன்றோ தையல். எலும்பைச் சுற்றியுள்ள இரத்த ஓட்டம் குழம்பவில்லை, காயம் கெதியாக ஆறும், கிருமி தொற்றும் வாய்ப்பும் குறைவு. இப்படி முடிந்தால் நானும் சந்தோசமாகத்தான் கையுறையைக் கழற்றுவேன்.

வராவிட்டால்?

வராததற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதைத் திரை காட்டாது. எலும்பைச் சுற்றி ஒரு தடித்த உறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது இன்னும் தடிப்பு. அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்துப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அப்படி. எலும்பு உடைந்து விலகும்போது இந்த உறை ஒரு பக்கம் கிழிந்து, அதன் நுனி வெடிப்புக்குள் மடிந்து போய்விடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் துண்டு முழுதாக உட்காராது. கதவிடுக்கில் சேலைத் தலைப்பு அகப்பட்டால் கதவு சாத்துமா? அதே கதைதான். அப்போது திறந்து, அந்த மடிப்பைக் கொக்கியால் மெல்ல வெளியே எடுத்துவிட்டால், சற்று முன் அடம்பிடித்த எலும்பு விரல் நுனியால் தள்ள உட்காரும். வெட்டு நாலைந்து சென்ரிமீற்றர் இருக்கும். ஆனால் மூட்டின் விளிம்பை நான் கண்ணால் பார்க்கிறேன். படி இல்லை என்பதை ஊகிக்கத் தேவையில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் உண்மையுள்ள பகுதி இதுதான். ஆனால் துளை போட்டால் பொருந்தவே பொருந்தாது என்பது சரியல்ல. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பழைய கோவைகளைத் திரும்பப் பார்த்து எழுதியவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றிலிருந்தும் என் சொந்த அனுபவத்திலிருந்தும் ஒன்று தெளிவு: மூட்டுப் பரப்பு சரியாகப் பொருந்திய பிள்ளைகள், துளையால் செய்தாலும் திறந்து செய்தாலும், நன்றாகவே நடக்கிறார்கள். பொருந்தாமல் விட்டவர்கள் எந்த முறையிலும் கஷ்டப்படுகிறார்கள். வெட்டின் நீளத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படும் நேரத்தில் பாதியை எலும்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், நான் இளைய டொக்டராக இருந்தபோது, ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலின் உட்பக்க மொழி உடைந்திருந்தது. மொழியோடு வளர்ச்சித்தட்டின் ஒரு துண்டும் சேர்ந்து மேலே தள்ளப்பட்டிருந்தது. அழகான பிள்ளை, தாய்க்குத் தழும்பைப் பற்றித்தான் பயம். நாங்களும் அந்தத் தாய்க்கு இரங்கினோம். வெட்டாமல் முடிப்போம் என்று இழுத்தோம். படம் முழுத் திருப்தியில்லை. திரும்ப இழுத்தோம். மூன்றாவது தரமும் அழுத்தினோம். நானும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளில் ஒருவன். கடைசியில், 'பரவாயில்லை, பிள்ளைதானே, எலும்பு தானாகச் சீராகிவிடும்' என்று சொல்லி இரண்டு கம்பி போட்டு முடித்தோம். எலும்பு ஒட்டியது. தழும்பு இரண்டு புள்ளிதான். ஒன்றரை வருடம் கழித்து அவள் நடந்து வந்தபோது குதி உள்ளே சாய்ந்திருந்தது. உட்பக்கம் வளர்ச்சி நின்று, வெளிப்பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு எலும்பை வெட்டி நிமிர்த்த வேண்டி வந்தது, அதற்குப் போட்ட தழும்பு முதலில் தவிர்த்ததைவிட மூன்று மடங்கு நீளம். முதல் நாளே திறந்திருந்தாலும் வளர்ச்சி நின்றிருக்கலாம். அடிபட்ட வேகத்திலேயே தட்டு நசிந்துவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் திறந்திருந்தால், எங்களால் ஆனதைச் செய்தோம் என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. ஒரு தரம் ஒழுங்காக இழுத்துப் பார்ப்பேன், மிஞ்சினால் இரண்டு தரம். வளர்ச்சித்தட்டைத் திரும்பத் திரும்ப உரசுவது அதை இன்னும் காயப்படுத்தும். அடுத்தது கத்திதான். அடிபட்டு ஏழு எட்டு நாள் கடந்து வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குள் தட்டு ஒட்டத் தொடங்கியிருக்கும், பலம் போட்டு இழுத்தால் கிழியும். இதனால்தான் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தொலைபேசியில் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னேன். 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் வீங்கிய காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அங்கே போய் இடம் கிடைத்து, திரும்பப் படம் எடுத்து... நாலைந்து நாள் அதிலேயே போய்விடும். அண்ணாவின் பாசம் எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பக்கூடியது காசுதான். ஆனால் உங்கள் டொக்டர் சொன்ன திட்டம், அதாவது முதலில் மூடியபடி, வராவிட்டால் திறந்து, என்பதுதான் ரொறன்ரோவில் கேட்டாலும் சொல்லும் திட்டம். 'திறக்க விடமாட்டேன்' என்று சம்மதப் பத்திரத்தில் அடித்துவிட்டால், பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போது எலும்பு வராமல் போனால் டொக்டரின் கை கட்டப்பட்டிருக்கும்.

துளைக்கும் அதற்குரிய ஆபத்து உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். கணுக்காலின் முன்பக்கம், வெளிப்புறமாக, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. மெலிந்த பிள்ளைகள் பாதத்தைக் கீழே மடக்கினால் தோலுக்கு மேலாகவே அதை நூல் போலப் பார்க்கலாம். சிறு துளை வழியாகப் போகும்போது அதைக் கண்ணால் காண முடியாது. கவனமாகச் சதையை விலக்கிப் போகாவிட்டால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும். திறந்து செய்வதில் காயம் ஆறப் பிந்துதல், கிருமி தொற்றுதல், மூட்டு கொஞ்சம் விறைத்தல் என்று வேறு கஷ்டங்கள். வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது திறந்தால் தையல் பிரியும். அதனால்தான் சில வேளை காலை உயர்த்தி வைத்து இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்வார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டொக்டர் ஒன்றும் பேசாமல் கணுக்கால் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளிப் பார்த்தால், சுருக்கம் விழுகிறதா என்றுதான் பார்க்கிறார். சுருக்கம் விழுந்தால் வீக்கம் வற்றிவிட்டது.

சத்திரசிகிச்சைக்கு முன்பு டொக்டரிடம் என்ன கேட்பது என்று தொலைபேசியில் கேட்டீர்கள். முடிந்த பிறகு மூட்டில் எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் இருந்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். 2க்குள் என்று சொல்வார். பொருந்திவிட்டது என்று எப்படி உறுதிசெய்வீர்கள் என்றும் கேளுங்கள், சிலர் பிறகு இன்னொரு சிடி எடுப்பார்கள். ஸ்குரூ வளர்ச்சித்தட்டைக் குறுக்கே கடக்குமா என்பதையும் கேளுங்கள். வளர்ச்சி கன காலம் மிச்சமுள்ள சிறு பிள்ளைகளில் புரியுள்ள ஸ்குரூ தட்டைக் கடக்கக் கூடாது. கடக்கத்தான் வேண்டுமென்றால் புரியில்லாத வழுவழுப்பான கம்பி போட்டு, சில கிழமையில் எடுத்துவிடுவோம். இப்படிக் கேட்பதால் டொக்டர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம். கேள்வியோடு வரும் தாயிடம் எனக்கு மரியாதை கூடும், மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மகனின் கால் கட்டையாகுமா? அவனுடைய விடயத்தில் இந்தப் பயம் சிறியது. தட்டு ஏற்கெனவே மூடத் தொடங்கிவிட்டது என்பதாலேயே இந்த வகை முறிவு வந்திருக்கிறது. இன்னும் வளரவேண்டிய நீளம் அந்த இடத்தில் கொஞ்சம்தான். நீளத்தில் பெரிய வித்தியாசம் வர இடமில்லை. மேலே சொன்ன ஒன்பது வயதுப் பிள்ளையைப் போன்றவர்களுக்குத்தான் அந்தப் பயம் உண்மையானது. அவர்களுக்கு எலும்பு ஒட்டிவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில், வளர்ச்சி முடியும் வரைக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட காலத்தில் வளர்ச்சி கொஞ்சம் தாமதித்த இடம் எலும்பில் மெல்லிய வெள்ளைக் கோடாக விழும். அந்தக் கோடு தட்டுக்குச் சமாந்தரமாக மேலே விலகிப் போனால் தட்டு சீராக வளர்கிறது. ஒரு பக்கம் சரிந்து தட்டைத் தொட்டால் அங்கே வளர்ச்சி நின்றுவிட்டது. கெதியில் கண்டுபிடித்தால் செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் மகனையும் ஒரு வருடத்துக்காவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வார்டில் பெற்றோர் அடிக்கடி விடும் பிழை ஒன்று. காலையில் தியேட்டர் என்றால் பிள்ளை பசியில் சிணுங்கும், பாட்டி மனம் பொறுக்காமல் ஒரு வாய் பால்தேத்தண்ணி கொடுத்துவிடுவா. பால் சாப்பாட்டுக்குச் சமம். பொதுவாகச் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். வயிற்றில் ஏதும் இருக்க மயக்கினால் அது சுவாசப்பைக்குள் போகலாம். தாதி சொல்லும் நேரத்தை எழுதிக் கட்டிலில் ஒட்டி வையுங்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும்.

பிளாஸ்ரர் போட்ட பிறகு முதல் இரண்டு மூன்று நாள் காலைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். நோ இருக்கும், மருந்துக்குக் குறையும். மருந்து கொடுத்தும் குறையாமல் கூடிக்கொண்டே போகும் நோ, விரலை நாங்கள் மடக்கும்போது பிள்ளை அலறுவது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் தொட்டால் உணர்ச்சி இல்லாமை, பெருவிரலை மேலே தூக்க முடியாமை: இவை வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நடுச்சாமமானாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கணுக்காலுக்கு முன்னால் ஒரு இறுக்கமான பட்டி இருக்கிறது, வீக்கம் அதற்குள் அகப்பட்டால் நரம்பும் தசையும் நெரிபடும். உறவினருக்குப் படம் எடுத்து அனுப்பி ஆலோசனை கேட்கும் நேரமல்ல அது.

நாலு முதல் ஆறு கிழமைக்குக் காலை ஊன்றக் கூடாது. ஊன்றுகோலோடு நடக்கப் பழக்குவார்கள். முற்றத்துக் கிணற்றடியில் ஈரமான சீமெந்தில் ஊன்றுகோல் வழுக்கும், அந்தப் பக்கம் தனியே விடாதீர்கள். எலும்பு ஒட்டியது உறுதியானதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் போடலாம். ஓட்டம், உதைபந்து எல்லாம் மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு, அதுவும் டொக்டர் பார்த்துச் சொன்னால். ஸ்குரூ அப்படியே இருக்கலாமா என்றால், மூட்டுக்கு அருகில் உள்ளதைப் பல நிபுணர்கள் எலும்பு ஒட்டிய பிறகு எடுத்துவிடவே விரும்புவார்கள். சிறிய வேலைதான். நானும் எடுத்துவிடுகிற பக்கம்.

காவடி இந்த வருடம் வேண்டாம். தேருக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது. எல்லாம் நன்றாகப் போனாலும் அவன் அப்போதுதான் மெல்லப் பாரம் போடத் தொடங்கியிருப்பான். நல்லூர் வீதியின் மணலில் ஊன்றுகோல் புதையும், சனநெரிசலில் ஒருவர் இடித்தாலும் பட்ட பாடு வீணாகும். பிளாஸ்ரர் கழற்றியிருந்தால் காலையில் சனம் கூடுமுன் கூட்டிக்கொண்டு போய், வெளிவீதியில் ஒரு கதிரை போட்டு இருத்திக் கும்பிட வையுங்கள். காயம் முழுதாக ஆறாமல் வெறுங்காலோடு மணலில் இறக்க வேண்டாம். அடுத்த வருடம் காவடி எடுக்கும்போது அந்தக் கணுக்கால் ஆட்டத்துக்குத் தாங்குமா என்று பார்க்க ஆடி மாதத்தில் ஒருமுறை கிளினிக்குக்கு வாருங்கள், இப்போது எடுத்த சிடி படத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.